நேரே முன்னால் நிலம் இருக்க வேண்டும்

சிறு விமானங்களின் விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஒரு சொற்றொடர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்: கட்டுப்பாட்டு இழப்பு. தனியார் சிறு விமானங்களில் உயிரிழப்பு நேரும் விபத்துகளுள் மிகுதியானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்துள்ளது. ஆனால் இந்தச் சொற்றொடர் நடந்ததை மட்டுமே சொல்கிறது; நடந்ததன் காரணத்தைச் சொல்வதில்லை. ஒருவர் கையில் இருந்த ஒன்று அவர் கையை விட்டுப் போனது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. எப்போது போனது, எதனால் போனது, அது முதலில் முழுமையாக அவர் கையில் இருந்ததா என்ற கேள்விகள் அதற்கு வெளியே நிற்கின்றன.

அந்தக் கேள்விகளைக் கேட்பதற்குக் கொல்கத்தா பொருத்தமான நகரம். 1929 பிப்ரவரியில், அன்றைய வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் டம்டம்மில் வங்காள விமானப் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாயில் பெற்றதும் அதே மாதந்தான். பின்னாளில் நகரின் தென்மேற்கே உள்ள பெஹாலா ஓடுதளம் பயிற்சி விமானங்களின் இடமாயிற்று. டம்டம்மோ 1953-ஆம் ஆண்டு, புறப்பாட்டுக்குப் பிந்தைய சில நிமிடங்களில் என்னென்ன நேரலாம் என்பதை உலகுக்கு உணர்த்திய ஒரு பெரும் விபத்தின் தொடக்கப் புள்ளியாயிற்று.

விமானம் தரையை விட்டு எழும் கணம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வலிமையின் காட்சி. உள்ளே இருப்பவருக்கு அது மிகக் குறைந்த இருப்புடன் தொடங்கும் பயணம். வேகம் குறைவு, உயரம் இல்லை, எஞ்சின் முழு விசையில் உழைக்கிறது, முன்பகுதி வானை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. பிழையைத் திருத்திக்கொள்ள விமானிக்கு உள்ள செலாவணி இரண்டே: வேகமும் உயரமும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கலாம். எழும்பிய முதல் அரை நிமிடத்தில் இரண்டுமே கையில் இல்லை.

இறக்கை விமானத்தைத் தாங்குவது, எதிர்வரும் காற்றை அது சந்திக்கும் கோணத்தினால். கோணம் கூடக் கூடத் தாங்கு விசையும் கூடும், ஓர் எல்லை வரை. பெரும்பாலான சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 முதல் 18 பாகை வரையிலான அந்த எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகும். தாங்கு விசை சரியும். இதையே விமானிகள் ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எஞ்சின் முழு ஆற்றலுடன் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம்; புறப்பாட்டு விபத்துகள் பலவற்றில் நிகழ்வதும் அதுவே.

இதனுடன் வேறு சில விசைகளும் சேர்ந்துகொள்கின்றன. விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் முன்விசிறி, மெதுவான வேகத்திலும் முழு விசையிலும் விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். வலக்கால் சுக்கான் மிதியை அழுத்தி அதை ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்யாத நிலையில் ஸ்டால் நேர்ந்தால் ஓர் இறக்கை மற்றதற்கு முன் வீழும். விமானம் திருகு போலச் சுழன்று இறங்கத் தொடங்கும். தரைக்கு மிக அருகில் இறக்கையின் இழுவை குறைவாக இருப்பதால், மேலேற இன்னும் போதிய வேகம் பெறாத விமானமும் ஓடுபாதையை விட்டு எழும்பிவிடும். எழும்பியதைக் கண்டு விமானி முன்பகுதியை மேலும் உயர்த்துவார். சில அடி உயரத்தில் அந்தச் சலுகை தீர்ந்துபோகும்.

வங்காளத்தின் வானிலை இந்தக் கணக்கில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிய கொல்கத்தாவில் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொடும் நாளில், காற்றின் அடர்த்தி விமானக் கையேடுகளின் நியம அளவைக் காட்டிலும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். அன்று அங்கிருந்து புறப்படுவது, நியம வானிலையில் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ள ஊரிலிருந்து புறப்படுவதற்கு ஒப்பு. பெங்களூரின் உயரத்தை நெருங்கும் அளவு அது. காற்றின் ஈரப்பதம் அதை மேலும் கூட்டும். எஞ்சின், விசிறி, இறக்கை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வலுவிழக்கின்றன. ஓடுபாதை மட்டும் நேற்றிருந்த அதே நீளத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் வடமேற்கிலிருந்து பாய்ந்துவரும் கால்பைசாகிப் புயலோ, காற்றின் திசையையும் வேகத்தையும் சில நிமிடங்களில் புரட்டிவிடும்.

இவை அனைத்தும் பாடநூலில் உள்ளவை. படித்தவர்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதே கடினமான கேள்வி. அதற்கான விடையின் ஒரு பகுதி உடலில் இருக்கிறது. கீழே விழுகிறோம் என்று உணர்ந்த மனிதன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்னை நோக்கி இழுப்பான். விழுவதிலிருந்து மீள மேலே போக வேண்டும் என்பது கைக்குத் தெரிந்த ஒரே நியாயம். ஸ்டாலிலிருந்து மீளவோ, தண்டை முன்னே தள்ள வேண்டும். அதாவது, தரை முகத்துக்கு நேரே வரும்போது தரையை நோக்கியே முகத்தைத் திருப்ப வேண்டும். உடல் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவு, அந்த இரண்டு நொடிகளில் தவறான அறிவாகிவிடுகிறது.

இதை மனிதர்கள் கண்டுகொண்ட வரலாறும் எளிதானதன்று. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் லார்க்ஹில்லில், வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஓட்டிய ஆவ்ரோ விமானம் சுழன்று விழத் தொடங்கியது. இயல்பாகத் தோன்றியவற்றையெல்லாம் அவர் செய்து பார்த்தார், சுழற்சி கடுமையாயிற்று. தரை நெருங்கிய வேளையில், சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுக்கானை மாற்றினார். விமானம் நிமிர்ந்தது. சுழல் வீழ்ச்சியிலிருந்து மீண்டு, தான் செய்ததைத் தெளிவாக எடுத்துரைத்த முதல் விமானிகளுள் ஒருவராக அவர் நினைக்கப்படுகிறார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, ஹென்டனிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் வேறொரு விமானம் விழுந்து அவர் இறந்தார். ஒரு வீழ்ச்சியின் அறிவு அடுத்த வீழ்ச்சியிலிருந்து காப்பாற்றும் என்ற உறுதி யாருக்கும் இல்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பயிற்சியிலேயே இளைஞர்கள் பெருந்தொகையில் மடிந்தனர். 1917-இல் கோஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பேரி பயிற்சி முறையை மாற்றினார். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்லும் வழக்கத்தை விட்டு, பயிற்றுநரின் துணையுடன் மாணவனை அந்நிலைகளுக்குள் வேண்டுமென்றே கொண்டுசென்று, மீளும் வழியைக் கற்பிப்பது அவர் முறை. அந்த ஆண்டின் நவம்பர் 6 அன்றுதான், கல்கத்தாவில் 1898-இல் பிறந்த இந்திர லால் ராய் தம் எஸ்.இ.5ஏ விமானத்துடன் விழுந்து படுகாயமுற்றார். பறக்கத் தகுதியற்றவர் என மருத்துவர்கள் விலக்கி வைத்தனர். அவர் விடாது முயன்று மீண்டும் பறந்தார். 1918 ஜூலையில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பத்து வான்வெற்றிகளைப் பெற்று, அம்மாதம் 22-ஆம் தேதி போரில் மாண்டார். அவருக்குப் பத்தொன்பது வயது.

அதே 1917-இல் ஃபார்ன்பரோவில் ஃபிரெடரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தாமே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே சுழல் வீழ்ச்சியில் இறங்கினார். சுழன்றுகொண்டே கருவிகளின் அளவீடுகளை மனத்தில் இருத்தி, தரையிறங்கியபின் எழுதிக்கொண்டார். மீளும் முறை விமானிகளிடையே ஏற்கெனவே வழக்கில் இருந்தது. அதற்கு எண்களும் விளக்கமும் சேர்த்தது அவருடைய பணி. கருவி சொல்வதை நம்பு, உடல் சொல்வதை நம்பாதே என்ற இன்றைய பாடத்துக்கு அவர் ஒரு முன்னோடி. கொல்கத்தாவில் வாழும் வாசகருக்கு அவர் வேறொரு பெயரில் அறிமுகமானவர்: செர்வெல் பிரபு. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின்போது சர்ச்சிலுக்கு ஆலோசகராக இருந்தவர். தானியம் ஏற்றிவரக் கப்பல்களை ஒதுக்குவதற்கு எதிரான அவருடைய ஆலோசனைகளை மதுஸ்ரீ முகர்ஜி முதலான ஆய்வாளர்கள் ஆவணங்களுடன் எழுதியுள்ளனர். ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்படும் பஞ்சம் அது. சுழலும் விமானத்துக்குள் அளவீடுகளை வாசித்தபோது அவருடைய உயிரும் அந்த அளவீடுகளைச் சார்ந்திருந்தது. லண்டனில் எண்களை வாசித்தபோது அப்படி எதுவும் இல்லை. கட்டுப்பாடு பற்றிய அறிவை மதிப்பிடும்போது, பிழையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வி டம்டம்முக்கு இட்டுச்செல்கிறது. 1953 மே 2, பிற்பகல். உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் காமெட் விமானம் டம்டம்மிலிருந்து எழும்பி, உயரம் பெற்றுக்கொண்டிருந்தபோது ஆறு நிமிடங்களில் தொடர்பு அறுந்தது. கடும் இடிமழைப் புயலின் ஊடே நகருக்கு வடமேற்கே அது சிதறி விழுந்தது. இருந்த 43 பேரும் இறந்தனர். காற்றின் வன்வீச்சாலோ, புயலுக்குள் விமானி மிகையாக இயக்கியதாலோ கட்டமைப்பு தாங்காமல் முறிந்தது என விசாரணை முடிவு கூறியது. இந்த ‘அல்லது’ என்னும் சொல்லின் இரு பக்கங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஒரு பக்கத்தில் வானம். மறுபக்கத்தில் பதில் சொல்ல உயிரோடு இல்லாத ஒரு மனிதர்.

அந்த முடிவின் பின்விளைவு கவனத்துக்கு உரியது. காமெட்டின் கட்டுப்பாடுகள் முழுமையாக நீரழுத்த விசையால் இயங்கின; சிறு விமானத்தில் காற்றின் எதிர்ப்பு தண்டின் வழியே கைக்கு வந்துசேர்வது போல அதில் வரவில்லை. இறக்கைமேல் எவ்வளவு சுமை ஏற்றுகிறோம் என்பது விமானியின் கைக்குத் தெரியவில்லை. அந்த உணர்வைச் செயற்கையாகக் கைக்குத் திருப்பித் தரும் அமைப்பும், புயலை முன்னரே காட்டும் ரேடாரும் தேவை என்பது பின்னர் உணரப்பட்டது. மிகையாக இயக்கினார் என்ற கூற்று, மிகை என்பதை அறிய அவருக்கு வழி இருந்ததா என்ற கேள்வியாக மாறியது.

அதற்கு முன்பே காமெட்டின் புறப்பாட்டு விபத்துகள் இரண்டு நிகழ்ந்திருந்தன. 1952 அக்டோபர் 26 அன்று ரோமில் ஒரு காமெட் எழும்ப இயலாமல் ஓடுபாதையின் முடிவைத் தாண்டி நொறுங்கியது, உயிரிழப்பு இல்லை. முன்பகுதியை மிகையாக உயர்த்தினார் என்று கேப்டன் ஃபுட் மேல் பழி விழுந்தது. அவர் சரக்கு விமானங்களுக்கு மாற்றப்பட்டார். 1953 மார்ச் 3 அன்று கராச்சியில் மற்றொரு காமெட் அதே விதமாக எழும்பத் தவறி விழுந்தது. 11 பேர் இறந்தனர். வெவ்வேறு விமானிகள், வெவ்வேறு ஊர்கள், ஒரே பிழை. அதன்பின் இறக்கையின் முன்விளிம்பு திருத்தி வடிவமைக்கப்பட்டது. ஒரே பிழையை இருவர் செய்யும்போது அது அவர்களுடைய பிழையாக மட்டும் இருக்க இயலாது என்ற முடிவுக்கு வர, 11 உயிர்கள் தேவைப்பட்டன.

சிறு விமானங்களுக்கு இந்த இரண்டாம் வாசிப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. விழுந்தது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், இறந்தவர் ஒரு மாணவர், சாட்சியாக எஞ்சியவர் எவரும் இலர் என்றால், ‘விமானியின் பிழை’ என்ற தொடர் விரைவாக வந்து அமர்கிறது. இந்தியாவின் விமான விபத்து விசாரணை விதிகள், விசாரணையின் ஒரே நோக்கம் எதிர்கால விபத்துகளைத் தடுப்பது என்றும், பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் வேலை அன்று என்றும் தெளிவாகவே கூறுகின்றன. ஆனால் அறிக்கையை வாசிக்கும் தாய்க்கும் தந்தைக்கும் அந்த விதியைப் படித்துக் காட்டுபவர் யார்?

2015 டிசம்பர் 22 அன்று டில்லியிலிருந்து ராஞ்சிக்குப் புறப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படையின் கிங் ஏர் விமானம் ஓர் எடுத்துக்காட்டு. பத்துப் பேருடன் மங்கிய மூடுபனியில் எழும்பியது. போதிய உயரம் பெறும் முன்பே ஆட்டோபைலட் இயக்கப்பட்டது. திசையைக் காக்கும் நிலை தேர்வு செய்யப்படவில்லை. விமானம் இடப்பக்கம் மெல்லச் சாயத் தொடங்கியது. சாய்வு சிறிது சிறிதாகக் கூடியது, யாரும் திருத்தவில்லை. வெளியே பார்த்தால் தொடுவானம் இல்லை. சாய்வு மெதுவாக வளரும்போது உட்செவி அதை உணர்வதும் இல்லை. திரும்பித் திரும்பி உயரம் இழந்து அது சுவரில் மோதியது. அனைவரும் இறந்தனர். இங்கே கட்டுப்பாடு கையிலிருந்து பறிக்கப்படவில்லை. ஒரு பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது, அந்தப் பொறி எதை ஏற்றுக்கொண்டது, எதை ஏற்கவில்லை என்பது அறியப்படாமல்.

கட்டுப்பாடு பல வேளைகளில் விமானம் அசையத் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற புதிய பெருவிமானம் செங்குத்தாக ஏறி, ஸ்டால் ஆகி விழுந்தது. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாதிருக்கக் கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பூட்டி வைத்திருந்தனர். அந்தப் பூட்டு விடுவிக்கப்படவில்லை. ஓட்டியவர் நாட்டின் மிகத் தேர்ந்த சோதனை விமானிகளுள் ஒருவர். அவரைவிடச் சிறந்தவரைத் தேடுவதில் பயனில்லை என்று புரிந்தபோது, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிச் சரிபார்க்கும் பட்டியல் பிறந்தது. இன்று அறுவைச் சிகிச்சைக் கூடங்கள் வரை பரவியிருக்கும் பட்டியல் முறைக்கு அந்த விபத்து ஒரு வேர். நினைவாற்றலை நற்பண்பாகப் போற்றும் கல்விமுறைகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு.

எல்லாப் பட்டியல்களுக்குப் பிறகும் எஞ்சி நிற்பது எஞ்சின் நின்றுபோகும் வாய்ப்பு. எழும்பிய சில நூறு அடிகளில் அது நேர்ந்தால், பின்னால் இருக்கும் ஓடுபாதைக்குத் திரும்ப மனம் துடிக்கும். தட்டையாகவும் பழகியதாகவும் பாதுகாப்பாகவும் அங்கே இருப்பது அது ஒன்றே. ஆனால் அரைவட்டம் திரும்பினால் விமானம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்கும். அதன் நேர்கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டும். விரைவாகத் திரும்பச் சாய்வு வேண்டும். 45 பாகை சாய்வில் உயரம் குன்றாமல் திரும்ப முயன்றால் ஸ்டால் ஆகும் வேகம் 19 விழுக்காடு உயர்கிறது. 60 பாகையில் 41 விழுக்காடு. எஞ்சின் இல்லாத விமானத்தில் வேகமோ குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் விமானம் சுழன்று விழுகிறது. ஆகவே உலகெங்கும் பயிற்றுநர்கள் சொல்வது: மூக்கைத் தாழ்த்து, நேரே முன்னால், சற்றே இடமோ வலமோ தென்படும் வெளியில் இறங்கு. விமானம் உடையலாம், கட்டுப்பாட்டுடன் தரையைத் தொட்டவர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

இந்த அறிவுரை ஒன்றை எடுத்துக்கொள்கிறது: நேரே முன்னால் நிலம் இருக்கிறது. பயிற்சிக் கழகங்கள் தோன்றிய காலத்தில் ஓடுதளங்களைச் சுற்றி வயல்களும் குளங்களும் வெற்றிடங்களும் இருந்தன. இன்று பெஹாலாவைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. டம்டம்மையும் நகரம் வளைத்துக்கொண்டுவிட்டது. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் புறப்பட்ட சில நொடிகளில் விழுந்த பெருவிமானம் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் கதையும் வேறு. ஆயினும் அது விழுந்த இடம் மருத்துவ மாணவர்கள் உணவருந்திக்கொண்டிருந்த விடுதி என்பதை மறந்து ஓடுபாதைகளைப் பற்றிப் பேச இயலாது.

நேரே முன்னால் கூரைகளைக் காணும் மாணவ விமானி, பின்னால் திரும்ப முயன்று விழுந்தால், அறிக்கை அதைக் கட்டுப்பாட்டு இழப்பு என்றே பதிவு செய்யும். அது பொய்யன்று. ஆனால் அந்தக் கூரைகளுக்கு அனுமதி அளித்த கையொப்பங்கள், ஓடுபாதை முனைகளில் காலி நிலத்தைக் காக்கத் தவறிய நகரத் திட்டங்கள், அங்கே குடியேறுவதைத் தவிர வேறு வழியற்றிருந்த குடும்பங்களின் வறுமை ஆகியவை அந்தப் பதிவில் இடம்பெறா. திரும்பாதே என்று மாணவருக்குக் கற்பித்த சமூகம், திரும்பாமல் இருப்பதற்கான நிலத்தை அவருக்கு விட்டுவைக்கவில்லை. கட்டுப்பாடு என்பதை விமானி அறைக்குள் மட்டும் அளப்பவர்கள் அதன் ஒரு பகுதியையே அளக்கிறார்கள்.

விமானப் பொறியியல், நகரத் திட்டமிடல், வானிலையியல், உளவியல், சட்டம் ஆகிய துறைகள் பல்கலைக்கழகங்களில் தனித்தனிக் கட்டடங்களில் இயங்குகின்றன. புறப்பாட்டின் முதல் அரை நிமிடத்தில் அவை அனைத்தும் ஒரு சிறிய அறைக்குள், இருபது வயது தாண்டாத ஒருவரின் வலக்காலிலும் இடக்கையிலும் வந்து கூடுகின்றன. ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்று, கட்டுப்பாடுகள் தடையின்றி அசைகின்றனவா என்று அவர் சரிபார்க்கிறார். எஞ்சின் நின்றால் எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார். பிறகு தலையை உயர்த்தி, ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு என்ன தென்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அவருடையது அன்று.